ஆராய்ச்சி மணியும் செல்போனும்

 

இது ஒக்கலிபுரம். பெங்களூர் பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பகுதி. பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடம். பூக்கட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். மூட்டை தூக்குபவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், கட்டட வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலர் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்கள். கைநாட்டு வைத்த விரல் இப்போது கையெழுத்துப் போடுகிறது. இது சின்ன விஷயம் அல்ல.

கையெழுத்துப் போடத் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? கற்ற எழுத்தை எதற்குப் பயன்படுத்துவது? அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. அரசாங்கத்துக்குச் சேதி சொல்வது. அரசாங்கம் அனுப்பும் சேதியைப் படித்துப் புரிந்துகொள்வது. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

மணி கட்டிய கதை

மனுநீதிச் சோழன் கதை எல்லோரும் கேட்டதுதான். திருவாரூரில் அரண்மனை வாசலில் ஒரு மணி தொங்கியது. அதற்கு ஆராய்ச்சி மணி என்று பெயர். குறை உள்ளவர் யாரும் வந்து கயிற்றை இழுக்கலாம். ஒரு நாள் இளவரசனின் தேர்ச் சக்கரத்தில் ஒரு கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு வந்து மணியை அடித்தது. மன்னன் எழுந்து வெளியே வந்தான். நீதி வழங்கினான். இதுதான் கதை.

இந்தக் கதையில் மூன்று விஷயங்கள் உண்டு. முதலாவது, கயிறு எட்டும் உயரத்தில் இருந்தது. வாயில்லாத பசுவுக்கும் எட்டியது. இரண்டாவது, மணியின் ஓசை மன்னன் காதில் விழுந்தது. மூன்றாவது, மன்னன் எழுந்து வந்தான். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த மணி வெறும் வெண்கலம்தான்.

இன்று மன்னர் இல்லை. மக்கள் வோட்டுப் போட்டு அமைத்த அரசாங்கம் இருக்கிறது. அரண்மனை மணியும் இல்லை. கையில் செல்போன் இருக்கிறது. செல்போனில் பல 'ஆப்'கள் இருக்கின்றன. தமிழில் அதைச் செயலி என்கிறார்கள். ஒரு வேலையைச் செய்வதற்காகப் போனுக்குள் வைக்கப்பட்ட கருவி என்று சொல்லலாம். இன்றைய ஆராய்ச்சி மணியின் கயிறு அதுதான் என்று பலர் சொல்கிறார்கள். அது உண்மையா? கயிறு எட்டுகிறதா? ஓசை கேட்கிறதா? யாராவது எழுந்து வருகிறார்களா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பூக்கட்டும் அம்மா

ஓர் அம்மாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூக்கட்டி விற்பவர். 48 வயது. இரவு வகுப்பில் படித்துத் தமிழ் எழுத்துகளைக் கற்றவர். அவர் குடியிருக்கும் சந்தில் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்திலேயே சாக்கடை பொங்கி வழிகிறது. குடம் வைக்க இடம் இல்லை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது.

முதலில் அவர் தெருப் பெருக்க வந்தவரிடம் சொன்னார். அவர், "அது என் வேலை இல்லை, அம்மா" என்றார். பிறகு பக்கத்து வீட்டுப் பையனின் போனில் ஒரு சேதி அனுப்பினார். "எங்க தெருவில் தண்ணி நாறுது. பாருங்க" என்று எழுதினார். எந்தத் தெரு என்று எழுதவில்லை. எந்தத் தேதி என்று எழுதவில்லை. அது சாக்கடையா, குடிநீரா என்றும் புரியவில்லை. பதில் வரவில்லை.

இதில் யார் மீது தவறு? பாதி கயிற்றின் மீது. பாதி இழுத்த விதத்தின் மீது. அந்த அம்மாவின் கதையைப் பிறகு தொடரலாம். முதலில் கயிறுகள் எப்படி வந்தன என்று பார்க்கலாம்.

மனு எழுதுபவர் காலமும் அதற்குப் பிறகும்

முன்பு ஒரு குறை என்றால் மனு எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர், அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவரிடம் போவார். காசு கொடுப்பார். அவர் என்ன எழுதினார் என்பது அவருக்கே வெளிச்சம். கீழே கைநாட்டு வைத்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் கூலி போய்விடும்.

பெங்களூரில் இதை மாற்றப் பல முயற்சிகள் நடந்தன. 2005-ஆம் ஆண்டு 'பெங்களூர் ஒன்' மையங்கள் தொடங்கப்பட்டன. மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் போன்றவற்றை ஒரே இடத்தில் கட்டலாம். 2014 டிசம்பரில் கர்நாடக அரசு 'மொபைல் ஒன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி பெங்களூருக்கு வந்து அதைத் தொடங்கி வைத்தார். அரசின் சேவைகளைச் செல்போன் வழியாகத் தருவது அதன் நோக்கம். பட்டன் போன் வைத்திருப்பவரும் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்து அதை அமைத்தார்கள். கயிறு எட்ட வேண்டும் அல்லவா? அதனால்தான்.

2022 நவம்பர் 1-ஆம் தேதி, கர்நாடக ராஜ்யோத்சவ நாளில், நம்ம மெட்ரோவில் வாட்ஸ்அப் வழியாக டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. வரிசையில் நிற்க வேண்டாம். போனிலேயே டிக்கெட் வந்துவிடும். அன்றாடம் பேசப் பயன்படும் அதே வாட்ஸ்அப் ஒரு டிக்கெட் கவுண்டராகவும் ஆனது.

பெங்களூரில் பிறந்த மஞ்சள் குருவி

இந்த ஊரிலேயே ஒரு கயிறு பிறந்தது. அதன் பெயர் 'கூ'. குருவி கூவுவது போல 'கூ'. அதன் சின்னமும் ஒரு மஞ்சள் குருவிதான். 2020-ஆம் ஆண்டு பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனம் அதைத் தொடங்கியது. கன்னடத்தில் முதலில் வந்தது. பிறகு தமிழ், இந்தி, தெலுங்கு என்று பல மொழிகளில் வந்தது. இந்திய மொழிகளில் மக்கள் எழுத வேண்டும் என்பது அதன் எண்ணம். நல்ல எண்ணம்தான்.

கூ என்பது ஒருவர் இன்னொருவருக்குத் தனியாக எழுதும் கடிதம் அல்ல. ஊரறியச் சொல்லும் தண்டோரா போன்றது. மந்திரி ஒரு செய்தியை அதில் போடுவார். லட்சம் பேர் படிப்பார்கள். மக்களும் அதிலேயே பதில் எழுதலாம்.

2020 ஆகஸ்டில் மத்திய அரசு நடத்திய போட்டியில் கூ பரிசு பெற்றது. 2021 பிப்ரவரியில் அதற்குப் பெரிய வாய்ப்பு வந்தது. அப்போது டெல்லியில் விவசாயிகள் போராட்டம் நடந்தது. சில கணக்குகளை முடக்கச் சொல்லி மத்திய அரசு டுவிட்டர் நிறுவனத்துக்கு உத்தரவு போட்டது. டுவிட்டர் அமெரிக்க நிறுவனம். இரண்டுக்கும் தகராறு வந்தது. உடனே பல மந்திரிகளும் அரசுத் துறைகளும் கூவுக்கு வந்தார்கள். நம் நாட்டுச் செயலியில் வாருங்கள் என்று மக்களையும் அழைத்தார்கள். கடல் தாண்டி நைஜீரியா நாட்டு அரசும் 2021-இல் டுவிட்டரைத் தடை செய்தபோது கூவில் கணக்குத் தொடங்கியது.

ஆனால் 2024 ஜூலையில் கூ மூடப்பட்டது. நிறுவனத்தை வாங்கப் பெரிய கம்பெனிகளுடன் பேச்சு நடந்தது. பேச்சு பலிக்கவில்லை. நடத்தப் பணம் போதவில்லை. மஞ்சள் குருவி கூவுவதை நிறுத்திவிட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அரசாங்கம் ஒரு நாளில் புதிய தெருவுக்குக் குடிபோகலாம். பிறகு அந்தத் தெருவே இல்லாமல் போகலாம். மக்கள் சேதியை நம்பி அங்கே போட்டிருப்பார்கள். சேதியின் சாட்சி எங்கே? ஆகவே எந்தச் செயலியில் எழுதினாலும், எழுதியதற்கு ஓர் அடையாளம் கையில் இருக்க வேண்டும். அந்த அடையாளம் எது என்று சற்று நேரத்தில் பார்க்கலாம்.

தபால் பெட்டி யாருடையது?

தெருவில் சிவப்புத் தபால் பெட்டி இருக்கிறது. அது அரசாங்கத்துடையது. கடிதம் தொலைந்தால் தபால் துறையைக் கேட்கலாம். செல்போனில் இருக்கும் பெட்டி யாருடையது?

வாட்ஸ்அப் அமெரிக்காவில் உள்ள மெட்டா என்ற கம்பெனியுடையது. இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் அரசாங்கங்களும் அங்கே வருகின்றன. ஆந்திர அரசு 2025 ஜனவரி 30-ஆம் தேதி 'மன மித்ரா' என்ற சேவையை வாட்ஸ்அப்பில் தொடங்கியது. மன மித்ரா என்றால் நமது நண்பன். தொடங்கும்போதே 161 சேவைகள் அதில் இருந்தன. புதிய செயலி எதையும் போனில் ஏற்றத் தேவை இல்லை. இது மக்களுக்கு வசதி. ஆனால் பெட்டி வேறு நாட்டுக் கம்பெனியுடையது.

மத்திய அரசிடம் சொந்தப் பெட்டியும் உண்டு. தேசியத் தகவல் மையம் 'சந்தேஸ்' என்ற செயலியைச் செய்தது. சந்தேஸ் என்றால் சேதி. முதலில் அரசு ஊழியர்களுக்காகச் செய்யப்பட்டது. பிறகு செல்போன் எண் உள்ள எவரும் பயன்படுத்தலாம் என்று ஆனது. பெட்டி அரசாங்கத்துடையது. ஆனால் ஊரில் எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள்? இங்கே இருப்பவர்களே தங்கள் போனைத் திறந்து பார்க்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் கடை போட்டால் வியாபாரம் நடக்குமா?

தமிழ்ப் பெயரோடும் ஒரு செயலி உண்டு. அதன் பெயர் 'அரட்டை'. ஜோஹோ என்ற நிறுவனம் 2021-இல் அதை வெளியிட்டது. 2025 செப்டம்பரில், உள்நாட்டுச் செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்ற பேச்சு எழுந்தது. அப்போது லட்சக்கணக்கானவர்கள் அதில் சேர்ந்தார்கள்.

ஆக, உள்நாட்டுப் பெட்டி, வெளிநாட்டுப் பெட்டி, அரசுப் பெட்டி, தனியார் பெட்டி என்று பல உண்டு. பெட்டியின் நிறம் முக்கியம்தான். அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. பெட்டிக்குள் போட்ட கடிதத்தை யார் எடுக்கிறார்? எத்தனை நாளில் எடுக்கிறார்? எடுக்காவிட்டால் யார் பொறுப்பு?

எண் தரும் சட்டம்

இந்தக் கேள்விக்குக் கர்நாடகத்தில் ஒரு சட்டம் பதில் சொல்கிறது. அதன் பெயர் சகாலா. சகாலா என்றால் உரிய காலத்தில் என்று பொருள். சட்டம் 2011-இல் வந்தது. 2012 ஏப்ரல் முதல் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறப்புச் சான்று போன்ற சேவைகளுக்கு இத்தனை நாள் என்று கெடு வைத்தார்கள்.

விண்ணப்பம் கொடுத்ததும் 15 இலக்க எண் ஒன்று தருவார்கள். அந்த எண்தான் சாட்சி. அதை வைத்து விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். கெடு தாண்டினால் மேல் அதிகாரியிடம் முறையிடலாம். தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய் வீதம், 500 ரூபாய் வரை ஈட்டுத்தொகை கேட்கலாம். 500 ரூபாய் பெரிய பணம் அல்ல. ஆனால் தாமதம் செய்த அதிகாரி பொறுப்பு ஏற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே, அது பெரிது. மணியை அடித்தால் இத்தனை நாளில் எழுந்து வர வேண்டும் என்று மன்னனுக்கே கெடு வைத்தது போல.

சான்றிதழ் அல்லாத குறைகளுக்கு 'ஜனஸ்பந்தனா' இருக்கிறது. 1902 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். எழுதத் தயங்குபவரும் வாயால் சொல்லலாம். அங்கேயும் புகாருக்கு ஓர் எண் தருவார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு சேதியை நினைவில் வையுங்கள். பெங்களூர் மாநகராட்சி முன்பு ஒன்றாக இருந்தது. 2025 செப்டம்பரில் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. ஐந்துக்கும் மேலே பெரு பெங்களூர் ஆணையம் இருக்கிறது. ஆகவே உங்கள் தெரு எந்த மாநகராட்சியில் வருகிறது, எந்த வார்டில் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தப்பான வாசலில் மணி அடித்தால் பதில் வராது.

புகாரை எப்படி எழுதுவது?

நல்ல புகாரில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும். ஒரு கையில் ஐந்து விரல். விரல் விட்டு எண்ணலாம்.

பெருவிரல்: எங்கே? தெருப் பெயர், குறுக்குத் தெரு எண், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளி.

ஆள்காட்டி விரல்: என்ன? ஒரே குறை. ஒரு புகாரில் நாலு குறைகளை எழுதினால் நாலு மேஜைக்குப் போகும். எதுவும் நடக்காது.

நடுவிரல்: எப்போது முதல்? தேதி எழுத வேண்டும்.

மோதிர விரல்: யாருக்குக் கஷ்டம்? எத்தனை வீடு, எத்தனை குழந்தைகள்.

சுண்டு விரல்: என்ன செய்ய வேண்டும்? அடைப்பை எடுக்க வேண்டுமா, விளக்குப் போட வேண்டுமா, பணம் வர வேண்டுமா?

கோபத்தை எழுதக்கூடாது என்று இல்லை. ஆனால் கோபம் மட்டும் எழுதினால் அதிகாரிக்கு வேலை எது என்று தெரியாது. முகவரி எழுதினால் வேலை எது என்று தெரியும்.

பூக்கட்டும் அம்மா மறுபடியும் எழுதினார். இந்த முறை இப்படி எழுதினார்:

"எங்கள் தெருவில் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து. குடிநீர்க் குழாய் அருகே சாக்கடை பொங்குகிறது. இந்த மாதம் 3-ஆம் தேதி முதல் இப்படி இருக்கிறது. 14 வீடுகள் அந்தக் குழாயில்தான் தண்ணீர் பிடிக்கின்றன. அடைப்பை எடுத்து, உடைந்த மூடியை மாற்ற வேண்டும்."

தெருப் பெயரையும் வார்டையும் மேலே எழுதினார். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்தான். இந்த முறை பதில் வந்தது. புகார் எண் வந்தது. அவர் அதைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்தார். கூட ஒரு நோட்டிலும் எழுதினார். போன் தொலையலாம். செயலி மூடப்படலாம். நோட்டு இருக்கும்.

எந்த மொழியில் எழுதுவது?

இங்கே பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. கற்றது தமிழ் எழுத்து. ஊர் ஆட்சி நடப்பது கன்னடத்தில். தமிழில் எழுதினால் வாங்குவார்களா?

இந்திய அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. குறை தீர்க்கக் கோரி எந்த அதிகாரிக்கும் மனுக் கொடுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. மத்திய அரசிலோ அந்த மாநிலத்திலோ வழக்கில் உள்ள எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. மொழி தெரியாது என்பதற்காக யாரும் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியது இல்லை.

ஆனால் வேலை சீக்கிரம் நடக்க வேண்டும் என்றால் கன்னடம் கைகொடுக்கும். தமிழில் எழுதிய சேதியைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் கொடுத்துக் கன்னடத்தில் எழுதி வாங்கலாம். இந்த ஊரில் கன்னடம் பேசத் தெரிந்த தமிழர்கள் ஏராளம். பேசத் தெரிந்த மொழியை எழுதவும் கற்றுக்கொண்டால் நல்லது. ஒரு மொழியில் எழுத்துக் கற்றவருக்கு இரண்டாவது மொழி கஷ்டம் அல்ல.

பொய் மணி

மணி என்று ஒன்று இருந்தால் பொய் மணி என்றும் ஒன்று இருக்கும். அரசாங்கம் போனில் சேதி அனுப்புகிறது என்று தெரிந்ததும் திருடர்களும் அரசாங்கம் போலச் சேதி அனுப்புகிறார்கள்.

"இன்று இரவு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று வரும். "உங்கள் வண்டிக்கு அபராதம். இதைத் தொட்டுப் பாருங்கள்" என்று வரும். தொட்டால் ஒரு திருட்டுச் செயலி போனுக்குள் புகுந்துவிடும். வங்கிப் பணம் போய்விடும். போலீஸ் உடையில் வீடியோவில் வந்து, "உன்னைக் கைது செய்திருக்கிறோம். அசையாதே" என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். இதற்கு 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் இதைச் சொன்னார்.

மூன்று விதிகளை மறக்காதீர்கள். ஒன்று, ஓடிபி என்ற ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது. அது வீட்டுச் சாவி. இரண்டு, சேதியில் வரும் நீல நிற எழுத்தை அவசரப்பட்டுத் தொடக்கூடாது. "உடனே, உடனே" என்று விரட்டும் சேதி பெரும்பாலும் பொய்ச் சேதி. மூன்று, பணம் போய்விட்டால் வெட்கப்படக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

கயிற்றின் மறுமுனை

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மக்கள் அரசாங்கத்தோடு பேச ஒரு செயலி வேண்டும். சரி. ஆனால் அதே செயலி வழியாக அரசாங்கம் மக்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால்?

ரஷ்யாவில் 'மேக்ஸ்' என்று ஒரு தேசியச் செயலி வந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே விற்கும் புதிய போன்களில் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அரசு தங்களைக் கண்காணிக்குமோ என்று அங்கே பலர் பயப்படுகிறார்கள்.

இந்தியாவிலும் 2025 நவம்பர் கடைசியில் ஓர் உத்தரவு வந்தது. 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுச் செயலி எல்லாப் புதிய போன்களிலும் இருக்க வேண்டும் என்றார்கள். தொலைந்த போனைத் தேடவும் மோசடியைப் புகார் செய்யவும் உதவும் செயலி அது. பயனுள்ளதுதான். ஆனால் கட்டாயம் எதற்கு என்று நாடெங்கும் கேள்வி எழுந்தது. சில நாட்களிலேயே, டிசம்பர் 3-ஆம் தேதி, அரசு அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றது. மக்கள் கேட்டார்கள். அரசு கேட்டுக்கொண்டது.

இந்தக் கேள்வி கேட்கும் துணிவுக்குப் பின்னால் பெங்களூரில் வாழ்ந்த ஒரு முதியவர் இருக்கிறார். அவர் பெயர் புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி. 2012-இல் ஆதார் திட்டம் பற்றி உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்றார்கள். ஏழைக்கும் அந்தரங்கம் உண்டு. கூரை வீட்டுக்கும் கதவு உண்டு. புட்டசாமி 2024-இல் தமது 98-ஆவது வயதில் காலமானார். அவர் வாங்கித் தந்த உரிமை எல்லோருக்கும் இருக்கிறது.

ஆகவே ஒரு செயலி, "உங்கள் படங்களைப் பார்க்கட்டுமா? உங்களுக்குத் தெரிந்தவர்களின் எண்களை எடுக்கட்டுமா?" என்று கேட்டால் நிறுத்திப் படியுங்கள். தேவை இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். படிக்கத் தெரிந்தவருக்கே வேண்டாம் என்று சொல்லத் தெரியும்.

ஒருவர் சொன்னால் புகார், ஊர் சொன்னால் கணக்கு

செயலி வருவதற்கு முன்பே பெங்களூர் மக்கள் அரசுக்கு மார்க் போட்டார்கள். 1994-இல் சாமுவேல் பால் என்ற அறிஞர் முயற்சி எடுத்தார். தண்ணீர், மின்சாரம், மாநகராட்சி போன்ற அலுவலகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று மக்களிடம் கேட்டு மதிப்பெண் அட்டை தயாரித்தார்கள். பிள்ளைகளின் பள்ளி அட்டை போல. முதல் அட்டையில் மதிப்பெண் மிகவும் குறைவு. பத்திரிகைகள் எழுதின. அதிகாரிகள் வெட்கப்பட்டார்கள். 1999-இலும் 2003-இலும் மறுபடி கேட்டார்கள். 2003-இல் முன்னேற்றம் தெரிந்தது. சேர்ந்து சொன்னதால் வந்த மாற்றம் அது.

போன் இல்லாதவர்கள் இந்த ஊரில் இன்றும் உண்டு. வீட்டில் ஒரு போன், அதுவும் கணவர் கையில் என்ற பெண்கள் உண்டு. பார்வை இல்லாதவர், முதியவர் உண்டு. அவர்களுக்குக் கயிறு எட்டாது. மகளிர் குழுவில் ஒரு நோட்டுப் போடலாம். வாரம் ஒரு நாள் உட்கார்ந்து எல்லோர் குறையையும் எழுதலாம். போன் உள்ளவர் அனுப்பலாம். புகார் எண்ணை நோட்டில் எழுதலாம். செயலி வந்துவிட்டது என்று சொல்லி அலுவலகத்தின் கவுண்டரை மூடக்கூடாது என்றும் கேட்க வேண்டும்.

மீண்டும் அந்த அம்மா

பூக்கட்டும் அம்மாவின் கதைக்கு வரலாம். எட்டாம் நாள் அவர் போனுக்கு ஒரு சேதி வந்தது. கன்னடத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டினார். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இருந்தது. அம்மா சந்துக்குப் போய்ப் பார்த்தார். அடைப்பு எடுத்திருந்தார்கள். ஆனால் உடைந்த மூடி அப்படியே இருந்தது.

முன்பு என்றால் அவர் பேசாமல் இருந்திருப்பார். தீர்க்கப்பட்டது என்று எழுதியிருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்தது. நோட்டை எடுத்தார். பழைய புகார் எண்ணை எழுதினார். கீழே எழுதினார்: "அடைப்பு எடுத்ததற்கு நன்றி. மூடி மாற்றவில்லை. பாதிதான் முடிந்தது. குழந்தைகள் விழும் அபாயம் இருக்கிறது. புகாரை மறுபடி திறக்கவும்." அதுவும் நடக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டி, என் புகார் என்ன ஆனது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அந்தப் 10 ரூபாயும் கட்ட வேண்டாம்.

நன்றியையும் எழுதினார், குறையையும் எழுதினார். இதுதான் பேச்சு வார்த்தை. ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது உத்தரவு. இரண்டு பக்கமும் பேசினால்தான் அது ஜனநாயகம்.

மூடி இன்று மாறலாம், அடுத்த வாரம் மாறலாம். ஆனால் பாதி வேலையை முழு வேலை என்று எழுதினால் அதைப் படித்துக் கண்டுபிடிக்க அந்தச் சந்தில் ஒருவர் இருக்கிறார். இது அலுவலகத்துக்கும் தெரிந்துவிட்டது.

செயலிகள் வரும், போகும். கூ வந்தது, போனது. நாளை வேறொன்று வரும். கற்ற எழுத்து போகாது. மணியின் கயிறு எழுதப் படிக்கத் தெரிந்த கையில்தான் இருக்கிறது. கூச்சப்படாமல் இழுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.



கூடிப் பேசுங்கள்

1. உங்கள் தெருவில் உள்ள ஒரு குறையை ஐந்து விரல் முறையில் எழுதிப் பாருங்கள்.

2. அரசுக்கு நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தின் எண் உங்களிடம் இருக்கிறதா? எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?

3. உங்கள் போனுக்கு வந்த சேதிகளில் எது உண்மைச் சேதி, எது பொய்ச் சேதி? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

4. உங்கள் குழுவில் போன் இல்லாதவர் யார்? அவருடைய குறையை யார் எழுதுவார்?